நீங்களே கட்டிய காரை டிராக் டேக்குக் கொண்டுபோவது எப்படி: பிரிட்டனில் முதல் நாளுக்கான முழு வழிகாட்டி

கார் கம்பெனி ஒரு புது மாடலை விற்பனைக்கு விடுமுன் பனியிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்க்கிறது. உடையவேண்டியது அங்கேயே உடைந்துவிடும். வீட்டு கராஜில் நீங்கள் கட்டிய காருக்கு அப்படி ஒரு சோதனைக் குழு கிடையாது. லோட்டஸ் செவன் என்ற எடை குறைந்த திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் வழியில் வந்த ஒரு கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார்) என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டா எம்.எக்ஸ்.-5 அல்லது பழைய ஃபோர்டு ஒன்றிலிருந்து எஞ்சினும் கியர்பாக்ஸும் எடுத்து, ஸ்டீல் குழாய்ச் சேஸியில் பூட்டி, ஐ.வி.ஏ. சோதனையில் (தனியாகக் கட்டிய காரைச் சாலைக்கு அனுமதிக்கும் அரசுச் சோதனை) தேறி, நம்பர் பிளேட் வாங்கி, சாலையில் கொஞ்சம் ஓடியும் இருக்கிறது. ஐ.வி.ஏ. ஆய்வாளர் பிரேக், வெளிச்சம், புகை, கூர்மையான விளிம்பு எல்லாம் பார்த்தார். ஆனால் இருபது நிமிடம் விடாமல் முழு வேகத்தில் வளைந்தால் சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) ஆயில் எங்கே போகும் என்று அவர் பார்க்கவில்லை. அதைப் பார்க்கப்போவது நீங்கள்தான்.

டிராக் டே என்பது காசு கட்டி, சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள், பந்தயம் அல்ல. ஆகவே முதல் டிராக் டேயின் வேலை காரைச் சோதிப்பது. வேகம், லேப் டைம் எல்லாம் அடுத்த முறைக்கு. கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இந்த முடிவிலிருந்துதான் வருகிறது.

தடத்தைத் தேர்ந்தெடுப்பது

புகழுக்காகத் தடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிராண்ட்ஸ் ஹேட்ச்சின் பேடக் ஹில் வளைவில் தரை காலடியிலிருந்து நழுவுவதுபோல் இறங்கும். லிங்கன்ஷயரின் கேட்வெல் பார்க் ஏறி இறங்கி, ஒடுங்கி, மரங்களுக்கு நடுவே ஓடும். இரண்டும் அருமையான தடங்கள்தான். ஆனால் உங்கள் காரில் ஏதாவது ஒன்று கழன்றால், அங்கே ஓரத்தில் மன்னிக்கும் இடம் குறைவு. முதல் நாளுக்கு வேண்டியது அகலமான, தட்டையான, தடுப்புச்சுவர் தள்ளியிருக்கும் இடம். அதாவது பழைய விமானத்தளம். பெட்ஃபர்ட் ஆட்டோட்ரோம் அப்படி ஒன்று. லிங்கன்ஷயரில் போர்க்காலக் குண்டுவீச்சு விமானத்தளமாக இருந்த பிளைட்டன் பார்க் இன்னொன்று. அங்கே கார் சுழன்றால் பெரும்பாலும் புல்லிலோ காலித் தார்த்தரையிலோ போய் நிற்கும்.

விமான ஓடுதளமும் கைக்கட்டு காரும் சேர்வது நம் ஊருக்கும் பழக்கமானதுதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளத்தில், பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. பட்டறையில் அறுத்து ஒட்டி உருமாற்றிய கார்கள் அங்கே ஓடின. கோவையின் பந்தய ஓட்டுநர் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் கார்களைக் கட்டினார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்குகிறது. சொந்தக் கையால் கட்டிய காரை வேகமாக ஓட்டிப் பார்க்கும் ஆசை எந்த நாட்டுக்கும் தனிச்சொத்து அல்ல.

நாளின் வகையையும் பாருங்கள். சில நாட்களில் ஓட்டுநர்களைக் குழுவாகப் பிரித்து, குழுவுக்கு இருபது நிமிடம் போல விடுவார்கள். சில நாட்களில் பிட் வழி (கார்கள் நிற்கும் இடத்துக்கும் தடத்துக்கும் நடுவே உள்ள வழி) திறந்தே இருக்கும், வேண்டும்போது போகலாம், வரலாம். புதுக் காருக்கு இரண்டாவதுதான் சரி. குழு நேரத்தில் போனால், ஏதோ ஒரு சத்தம் கேட்டாலும் ‘இன்னும் எட்டு நிமிடம்தானே, காசு கொடுத்திருக்கிறோமே’ என்று மனம் இழுக்கும். திறந்த பிட் நாளில் மூன்று சுற்று ஓட்டி உள்ளே வந்து, பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி போகலாம். நஷ்டமே இல்லை.

சத்தம்: வாசலிலேயே திரும்பவேண்டிய நிலை வராமல் இருக்க

கைக்கட்டு கார்களை டிராக் டேயிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முதல் காரணம் எஞ்சின் கோளாறு அல்ல, சைலன்சர். பிரிட்டனின் தடங்களைச் சுற்றி ஊர்கள் வந்துவிட்டன. சத்தக் கட்டுப்பாட்டை மீறினால் தடத்தின் உரிமத்துக்கே ஆபத்து. அதனால் யாரும் கண்டுகொள்ளாமல் விடமாட்டார்கள்.

சோதனை இரண்டு வகை. ஒன்று நிற்கும்போது: எக்ஸாஸ்ட் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மைக்கை வைத்து, உச்ச சுழற்சியில் முக்கால் பங்குவரை எஞ்சினை ஏற்றச் சொல்வார்கள். பல தடங்களில் இதற்கு எல்லை 105 டெசிபல். சில தடங்களிலும் சில நாட்களிலும் 98 வரை இறங்கும். மற்றொன்று ஓடும்போது: தடத்தின் ஓரத்தில் மீட்டர் வைத்து, கடந்துபோகும் சத்தத்தை அளப்பார்கள். பெட்ஃபர்ட் இதில் கண்டிப்பானது, ஓடும்போது எல்லை 87.5 டெசிபல். ஓரத்தில் இடம் தாராளமாக இருக்கிறதே என்று அந்தத் தடத்தைத் தேர்ந்தால், இந்த எண்ணையும் சேர்த்து யோசியுங்கள். செவன் வகைக் காரில் எக்ஸாஸ்ட் பக்கவாட்டில் திறக்கும். மீட்டர் அந்தப் பக்கம் இருந்தால் அளவு கூடும்.

டெசிபல் கணக்கு நேர்க்கோட்டில் போவதில்லை. 3 டெசிபல் கூடினாலே ஒலி ஆற்றல் இரட்டிப்பு. ‘இரண்டு மூன்றுதானே அதிகம்’ என்பது பெரிய வித்தியாசம். சைலன்சருக்குள் இருக்கும் நார் எரிந்து குறையக் குறைய சத்தம் ஏறும். போன வருடம் தேறிய சைலன்சர் இந்த வருடம் தேறும் என்று நம்பவேண்டாம். நாரை மாற்றக்கூடிய வகையென்றால் முந்தின வாரமே மாற்றிவிடுங்கள். சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி த்ராட்டில் பாடி (காற்றை உள்ளே விடும் வால்வு) போட்ட எஞ்சினில் காற்று உறிஞ்சும் சத்தமே பெரிது. அதற்கு ஒரு மூடிய ஏர்பாக்ஸ் போட்டால் ஓடும்போது எடுக்கும் அளவு நன்றாகவே இறங்கும்.

கராஜில், சில வாரங்கள் முன்னதாக

முதலில் போல்ட். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் காலிப்பர், சீட், பெல்ட், எஞ்சின் மவுண்ட் என்று உயிர் தொங்கும் ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி சரிபாருங்கள். பார்த்து முடித்ததும் நட்டின் மேலும் பக்கத்து உலோகத்தின் மேலும் சேர்த்து பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். தடத்தில் குனிந்து பார்த்தவுடன், கோடு விலகியிருந்தால் நட்டு அசைந்திருக்கிறது என்று தெரியும், ஸ்பேனரே வேண்டாம். நைலாக் நட்டை (கழலாமல் இருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு) கழற்றியிருந்தால் புதிது போடுங்கள். போல்ட்டின் மரை நட்டுக்கு வெளியே குறைந்தது இரண்டு சுற்றாவது தெரியவேண்டும். இது எனக்கு மிகப் பிடித்த வேலை. கம்பெனிக் கார் வைத்திருப்பவருக்குத் தன் காரின் எல்லா போல்ட்டும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்த அறிவுதான் உங்கள் பெரிய பாதுகாப்பு.

அடுத்தது பிரேக். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். டாட் 4 வகையில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும். ஈரம் ஏறிய பிறகு தரம் கேட்பது 155 மட்டுமே. தடத்தில் காலிப்பர் சூடேறி ஆயில் கொதித்தால் உள்ளே நீராவிக் குமிழி வரும், பெடல் தரைவரை இறங்கும். அதனால் புது டப்பாவைத் திறந்து, பழையதை முழுக்க வெளியேற்றி, நாலு சக்கரத்திலும் காற்று எடுத்துவிடுங்கள். கார் 550 கிலோதான் என்பதால் பிரேக் அதிகம் சூடாகாது என்பது ஓரளவு உண்மை. ஆனால் டோனர் காரிலிருந்து (நீங்கள் பாகங்களை எடுத்த பழைய கார்) வந்த சாலை பிரேக் பேடு அந்தச் சூட்டுக்குப் பழகியதல்ல. மிதமான டிராக் பேடு போட்டு, அதைச் சாலையிலேயே முறையாகப் படியவிட்டுக் கொண்டுபோங்கள்.

பிரேக் போடும்போது முன்சக்கரம்தான் முதலில் பூட்டவேண்டும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் கார் சுழலும், காப்பாற்ற நேரம் இருக்காது. இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் பேலன்ஸ் பாரும் (பெடல் அழுத்தத்தை முன் பின் பிரேக்குக்குப் பங்கிடும் தண்டு) வைத்திருந்தால், அதன் லாக் நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆளில்லாத இடத்தில் மெதுவான வேகத்தில் சோதியுங்கள். மழையில் பிடிப்பு குறைந்தால் எடை முன்னால் மாறுவதும் குறையும், முன் பின் சமநிலை மாறும். அதையும் மனதில் வையுங்கள்.

இனி ஆயில். கைக்கட்டு கார்களில் எஞ்சின் சாவது பெரும்பாலும் இங்கேதான். தரைக்கும் சம்ப்புக்கும் இடைவெளி வேண்டும் என்று செவன் வகைக் காரில் சம்ப்பை வெட்டிக் குட்டையாக்குவார்கள். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், ஆயிலை உறிஞ்சவேண்டிய பிக்அப் குழாய் காற்றை உறிஞ்சும், சில நொடிகளில் பேரிங் போய்விடும். சாலையில் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் இந்தக் குறை வெளியே வராது, தடத்தின் முதல் நீண்ட வளைவில் வந்துவிடும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடு கட்டாயம். ஆயில் அளவு டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டில் இருக்கட்டும். ஆயில் பிரஷர் எச்சரிக்கை விளக்கு பெரிதாக, கண்ணுக்கு நேரே இருக்கட்டும். வளைவில் கேஜ் முள்ளைப் பார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்காது, சிவப்பு விளக்கு எரிந்தால் தெரியும். எரிந்தால் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ஓரமாக நிறுத்துங்கள், அந்தச் சுற்றை முடிக்கவேண்டாம்.

பெட்ரோலுக்கும் இதே நோய் உண்டு. டேங்க் பாதிக்குக் கீழே போனால் வளைவில் எஞ்சின் திக்கும். டேங்குக்குள் தடுப்போ, ஸ்வர்ல் பாட்டோ (எஞ்சினுக்குப் பெட்ரோல் விடாமல் கிடைக்கச் செய்யும் சிறு துணைத் தொட்டி) இல்லையென்றால், பாதிக்கு மேலேயே வைத்து ஓட்டுங்கள்.

ரேடியேட்டரைப் பற்றி ஒரே விஷயம். காற்று எப்போதும் எளிய வழியில்தான் போகும். மூக்குக்குள் நுழைந்த காற்று ரேடியேட்டரைச் சுற்றி நழுவ இடம் இருந்தால், அதன் ஊடாகப் போகாது. அலுமினியத் தகடும் ஃபோமும் வைத்து அந்த இடைவெளிகளை அடைத்தாலே பலருக்குச் சூடேறும் தொல்லை தீர்ந்துவிடும். பெரிய ரேடியேட்டர் வாங்குமுன் இதைச் செய்யுங்கள்.

வயரிங்கில் எர்த் வயர்தான் முக்கியம். எஞ்சினுக்கும் சேஸிக்கும் நடுவே தடித்த எர்த் இல்லையென்றால், ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் த்ராட்டில் கேபிள் வழியாகத் திரும்பும், கேபிள் சூடாகிச் சிக்கும். த்ராட்டில் திறந்தபடியே சிக்கினால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை. கேபிளை வெளியே எடுத்துப் பாருங்கள், ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றுங்கள். த்ராட்டிலுக்கு இரண்டு ஸ்பிரிங் வையுங்கள்.

ரோல் பாரும் பெல்ட்டும். ஹெல்மெட் போட்டு, பெல்ட் இறுக்கி உட்காருங்கள். நண்பர் ஒருவர் ரோல் பாரின் உச்சியிலிருந்து காரின் முன்பக்கத்து உறுதியான பகுதிக்கு ஒரு நேரான கம்பை வைக்கட்டும். ஹெல்மெட் அந்தக் கம்புக்குக் கீழே தெளிவாக இருக்கவேண்டும். இல்லையென்றால் சீட்டை இறக்குங்கள், அல்லது உயரமான பார் போடுங்கள், அதுவரை தடத்துக்குப் போகாதீர்கள். தோள்பட்டை பெல்ட் பின்னோக்கி கிட்டத்தட்ட மட்டமாகப் போகவேண்டும். சீட்டுக்குப் பின்னால் தரையில் கட்டினால், மோதும்போது அது முதுகெலும்பைக் கீழ்நோக்கி அமுக்கும்.

சக்கர அலைன்மென்ட்டையும் உயரத்தையும் நீங்கள் சீட்டில் இருக்கும்போதே அளக்கவேண்டும். உங்கள் எடை 75 கிலோ என்றால் அது 550 கிலோ காரில் எட்டில் ஒரு பங்குக்கும் மேல், அதுவும் ஒரே பக்கத்தில். பெரிய காரில் பொருட்படுத்தாமல் விடலாம், இதில் முடியாது. நீங்கள் குனிந்து அளக்கும்போது சீட்டில் உங்கள் எடைக்குச் சமமான மூட்டை இருந்தாலும் போதும்.

காப்பீடும் டிரெய்லரும்

சாதாரணச் சாலைக் காப்பீடு பொதுவாகத் தடத்தில் செல்லாது. டிராக் டேக்கென்று ஒருநாள் காப்பீடு தனியாகக் கிடைக்கும். அது உங்கள் காருக்கானது, அடுத்தவர் காருக்கல்ல. தடத்தில் ஒருவர் இன்னொருவர் மேல் இடித்தால், அவரவர் சேதம் அவரவருக்கு என்பதுதான் பொதுவழக்கம். தடுப்பை இடித்துச் சேதப்படுத்தினால் பில் உங்களுக்கு வரலாம், கையெழுத்திடும் தாளைப் படித்துப் பாருங்கள். கைக்கட்டு காரின் மதிப்பை முன்கூட்டியே காப்பீட்டாளரிடம் பேசி எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் போட்ட உழைப்பை அவர்கள் தானாகக் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

காரை ஓட்டிக்கொண்டே போகலாம். ஆனால் உடைந்தால் திரும்ப வழி வேண்டுமே, முதல் நாளுக்கு டிரெய்லர் நல்லது. 2021 டிசம்பர் 16 முதல் கிரேட் பிரிட்டனில் சாதாரணக் கார் உரிமம் வைத்திருப்பவர்கள் 3,500 கிலோ வரை தனித்தேர்வு இல்லாமல் இழுக்கலாம். மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்கு பிரேக் வேண்டும், செவன் வகைக் காரும் டிரெய்லரும் சேர்ந்தால் தாண்டிவிடும்.

எடுத்துப்போகவேண்டிய சாமான் நீளமான பட்டியல் இல்லை: டார்க் ரெஞ்ச், காற்று அளவி, பம்ப், ஜாக், எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், தண்ணீர், ஒரு செட் பேடு, கேபிள் டை, ஒட்டும் டேப், ஃபியூஸ், உதிரி த்ராட்டில் கேபிள், தீயணைப்பான். முன்னும் பின்னும் இழுக்கும் வளையம் இருக்கவேண்டும், அது எங்கே என்று அம்புக்குறி ஒட்டியிருக்கவேண்டும். பேட்டரியைக் கையால் ஆட்டிப் பாருங்கள், அசையக்கூடாது.

அன்று காலை

விடியற்காலையிலேயே போய்ச் சேருங்கள். சத்தச் சோதனைக்கு வரிசை நிற்கும். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டவேண்டும். கைகால் மூடிய உடை, ஹெல்மெட் கட்டாயம். முன்கண்ணாடி இல்லாத காரென்றால் முகம் முழுக்க மூடும் ஹெல்மெட். காருக்குள் அசையும் எதுவும் இருக்கக்கூடாது: சாவிக்கொத்து, செல்போன், தண்ணீர் பாட்டில், கால்மிதி எல்லாவற்றையும் எடுத்து வெளியே வையுங்கள். பெடலுக்கு அடியில் உருண்டு போகும் ஒரு பாட்டில் போதும்.

விளக்கக் கூட்டத்தைத் தவறவிட்டால் தடத்தில் விடமாட்டார்கள். அன்றைக்கு அவர்கள் சொல்வதே சட்டம். முந்துவது பெரும்பாலும் இடப்பக்கம் மட்டும், நேர்ப்பாதையில் மட்டும், முன்னால் போகிறவர் சம்மதம் காட்டிய பிறகு மட்டும். கொடிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மஞ்சள்: முன்னே ஆபத்து, வேகம் குறை, முந்தாதே. சிவப்பு: எல்லோரும் மெதுவாக பிட்டுக்குத் திரும்பு. நீலம்: பின்னால் வேகமான கார், வழி விடு. மஞ்சள் சிவப்புக் கோடுகள்: தரை வழுக்கும், பெரும்பாலும் யாரோ ஆயில் கொட்டியிருக்கிறார்கள். கறுப்பு உங்களைக் காட்டி அசைத்தால் உள்ளே வா என்று அர்த்தம். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் இருந்தால் உங்கள் காரில் கோளாறு. கைக்கட்டு கார் ஓட்டுபவர் இந்தக் கடைசிக் கொடியை மற்றவர்களைவிடக் கூர்ந்து கவனிக்கவேண்டும்.

தடத்தின் பயிற்றுநர் ஒருவரை அரைமணி நேரம் பக்கத்தில் உட்காரவைப்பது அன்றைய செலவிலேயே மிகப் பயனுள்ளது. வழி அவர் சொல்வார், உங்கள் காது எஞ்சினைக் கேட்க விடுதலையாகும்.

முதல் சுற்றுகள்

காலையில் எல்லோரும் வரிசையாக, முந்தாமல், தடத்தைப் பார்த்துக்கொண்டு சில சுற்று ஓட்டுவார்கள். அதற்குப் பிறகு உங்கள் முதல் ஓட்டம் மூன்றே சுற்று. முதல் சுற்று மெதுவாக, எல்லாம் சூடாக. இரண்டாவதில் வேகம் பாதிக்குக் கொஞ்சம் மேல். மூன்றாவதில் பிரேக் தொடாமல் குளிரவிட்டு உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், சூடான டிஸ்க்கும் பேடும் ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்தி சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள்.

உடனே டயர் காற்றை அளந்து எழுதுங்கள். சாதாரணக் கார் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் கேட்கும், செவன் வகைக்குக் குளிர்ந்த நிலையில் 18 பி.எஸ்.ஐ. அருகே தொடங்கலாம். சூடேறினால் சில பி.எஸ்.ஐ. ஏறும். நாலு சக்கரமும் சமமாக ஏறாது, அந்த வேறுபாடே தடம் எந்தப் பக்கம் அதிகம் வேலை வாங்குகிறது என்று சொல்லும். பிறகு பானட்டைக் கழற்றுங்கள். கசிவு, உரசிய ஹோஸ், விலகிய பெயின்ட் கோடு, எரிந்த வாசனை, கேட்ச் டேங்க்கில் (எஞ்சினிலிருந்து வெளியேறும் ஆயிலைப் பிடிக்கும் சிறு தொட்டி) சேர்ந்த ஆயில், இவற்றைத் தேடுங்கள். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள், அலாய் சக்கரம் முதல் சூட்டில் சற்று உட்காரும். எல்லாம் சரியென்றால் ஐந்தாறு சுற்று, மறுபடி அதே சோதனை. இப்படி மதிய உணவு வரை. மதியத்துக்குப் பிறகு கார் தன்னை நிரூபித்திருந்தால், அப்போது அனுபவியுங்கள். தரையோடு தரையாக உட்கார்ந்து, உங்கள் கையால் வெல்டு செய்த சேஸி வளைவில் சாய்ந்து நிற்பதை உணர்வது சொல்லில் அடங்காத மகிழ்ச்சி.

ஓடும்போது புகை தெரிந்தாலோ ஆயில் கசிகிறது என்று தோன்றினாலோ, பிட் வரை இழுத்துக்கொண்டு வராதீர்கள். வழியெல்லாம் ஆயில் கொட்டினால் பின்னால் வருகிறவர் சுவரில் போய் முட்டுவார். ஓரமாக, முடிந்தால் மார்ஷல் (கொடி காட்டும் தடப் பணியாளர்) நிற்கும் இடத்தருகே நிறுத்துங்கள். தீ இல்லையென்றால் பெல்ட்டோடு உள்ளேயே இருங்கள், மார்ஷல் சொன்ன பிறகு இறங்குங்கள். மழை வந்தால் செமி ஸ்லிக் டயர்களை (வரிப்பள்ளம் மிகக் குறைந்த டிராக் டயர்) நம்பாதீர்கள், குளிர்ந்த ஈரத்தரையில் அவை பிடிக்காது.

கடைசி ஒரு மணி நேரத்தை விட்டுவிடுங்கள். அப்போது உடல் களைத்திருக்கும், பேடு தேய்ந்திருக்கும், டயர் உருகியிருக்கும், ‘இன்னும் ஒரே ஒரு சுற்று’ என்று மனம் மட்டும் கேட்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

அந்த வாரமே ஆயிலை மாற்றுங்கள். பழைய ஃபில்டரை வெட்டி விரித்து, மடிப்புகளில் உலோகத் துகள் இருக்கிறதா பாருங்கள். வெளிச்சத்தில் செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங் தேய்கிறது, எஞ்சினைத் திறக்கவேண்டும். பிரேக்கில் மறுபடி காற்று எடுத்துவிடுங்கள். சேஸியின் வெல்டுகளை, முக்கியமாக சஸ்பென்ஷன் பிடிமானங்களைச் சுற்றி, துடைத்துவிட்டு விளக்கடித்துப் பாருங்கள், பெயின்ட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அடியில் உலோகமும் விரிந்திருக்கக்கூடும். டயர் காற்று, சூடு, கழன்ற நட்டு, தேய்ந்த பேடு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். கோடு விலகியிருந்த நட்டுகளுக்கெல்லாம் புது நைலாக் போட்டு, புதுக் கோடு போட்ட பிறகு அடுத்த நாளைப் பதிவு செய்யுங்கள்.